காடுகளில் சேரும் கார்பன்: அளவிடப்படுவது எப்படி?

அத்திபெலே: கர்நாடகா - தமிழ்நாடு எல்லையில் அமைந்துள்ள அத்திபெலே, பெங்களூரு நகர மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்தது. 260.51 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பன்னேர்கட்டா தேசியப் பூங்காவின் ஒரு பகுதியும் இவ்வட்டத்தில்தான் உள்ளது. இத்தகைய காடுகளும் தோப்புகளும் வளிமண்டலத்திலிருந்து உறிஞ்சி வைத்திருக்கும் கார்பனின் அளவு எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

கணக்கு ஏன் தேவை?

பாரிஸ் ஒப்பந்தத்தின்கீழ், 2030ஆம் ஆண்டுக்குள் காடுகள், மரங்கள் வாயிலாக 250 முதல் 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான கூடுதல் சேமிப்பை உருவாக்குவதாக இந்தியா உறுதியளித்துள்ளது. 2005ஆம் ஆண்டுடன் ஒப்பிடுகையில் 229 கோடி டன் ஏற்கெனவே எட்டப்பட்டுள்ளதாக, 2024 டிசம்பரில் வெளியான இந்திய வன நிலை அறிக்கை 2023 தெரிவிக்கிறது. நாட்டின் காடுகளில் உள்ள மொத்த கார்பன் 728.55 கோடி டன் எனவும் அவ்வறிக்கை மதிப்பிட்டுள்ளது.

ஐந்து சேமிப்பிடங்கள்

டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் இக்கணக்கை எடுக்கிறது. மரத்தின் நிலத்துக்கு மேலான பகுதி, வேர்கள், பட்டுப்போன மரங்கள், சருகுகள், மண் என ஐந்து இடங்களில் கார்பன் தனித்தனியாகக் கணக்கிடப்படுகிறது. இவற்றுள் மண்ணின் பங்கே பாதிக்கும் மேல். எனவே மரங்களை மட்டும் எண்ணுவது முழுக் கணக்காகாது.

நாடாவில் தொடங்கும் அளவீடு

மாதிரி நிலங்களில் உள்ள மரங்களின் சுற்றளவு, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் நாடாவால் அளக்கப்படுகிறது. அதிலிருந்து விட்டமும், மர இனத்துக்கான சூத்திரத்தின் மூலம் உலர் எடையும் பெறப்படுகின்றன. உலர் எடையில் ஏறத்தாழ 47 சதவீதம் கார்பன் ஆகும். அதனை 3.67ஆல் பெருக்கினால் கார்பன் டை ஆக்சைடின் அளவு கிடைக்கும். அதாவது, ஒரு டன் உலர் மரத்தில் 470 கிலோ கார்பன் உள்ளது. அது சுமார் 1.7 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடாகும்.

முதுமலை காட்டும் பாடம்

ஒருமுறை அளப்பது இருப்பை மட்டுமே காட்டும். மாற்றத்தை அறியத் தொடர் கண்காணிப்பு தேவை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 1988ஆம் ஆண்டு நீலகிரி மாவட்டம் முதுமலையில் 50 ஹெக்டேர் நிலத்தில் இத்தகைய ஆய்வைத் தொடங்கியது. அங்கு 1 செ.மீ. விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரமும் எண்ணிடப்பட்டுள்ளது. மரங்களின் இறப்பும் புதிய மரங்களின் வரவும் ஆண்டுதோறும் பதிவாகின்றன. விட்டம் 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் அளக்கப்படுகிறது. காட்டுத்தீயும் யானைகளும் இளமரங்களை எந்த அளவுக்கு அழிக்கின்றன என்பது இப்பதிவுகளால் தெரியவந்தது.

விண்ணிலிருந்து கண்காணிப்பு

நாசாவும் இஸ்ரோவும் இணைந்து உருவாக்கிய நிசார் செயற்கைக்கோள், 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 12 நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தை மீண்டும் படமெடுக்கும் இதன் ரேடார், மேகங்களையும் ஊடுருவிக் காட்டின் மர அடர்த்தியை மதிப்பிட உதவும். எனினும், மிக அடர்ந்த காடுகளில் ரேடாரின் துல்லியம் குறையும். அதன் மதிப்பீட்டைச் சரிபார்க்கத் தரையில் எடுத்த நாடா அளவுகளே ஆதாரமாகின்றன.

எதில் கவனம் தேவை?

கார்பன் வரவு விற்பனைப் பொருளாகிவரும் நிலையில், அளவீட்டில் நேரும் பிழை பணத்தையும் பாதிக்கும். நடவுக்கு முன்பு நிலத்தில் இருந்த கார்பனைக் கழிக்காவிட்டால் லாபம் மிகையாகத் தெரியும். வெட்டப்பட்ட மரத்தையும் தீயில் எரிந்ததையும் பற்று வைக்காவிட்டால் கணக்கு பொய்யாகும்.

மேலும், கார்பன் மட்டுமே காட்டின் மதிப்பு ஆகாது. தைல மரம் விரைவாக வளர்ந்து கார்பனைச் சேர்க்கும். ஆயினும் நிலத்தடி நீரைக் கருத்தில் கொண்டு அதனைப் புதிதாக நடுவதற்கு கர்நாடக அரசு 2017ஆம் ஆண்டு தடை விதித்தது. பன்னேர்கட்டா யானைகளின் வழித்தடமும் எந்த கார்பன் கணக்கிலும் இடம்பெறுவதில்லை.