வளைகோடும் அட்டவணையும்: எஞ்சின் வெப்பவுணரி பற்றிய வரலாற்று நோக்கு

விஞ்ஞான வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. கண்டறியப்பட்ட இயல்பொன்று சாதாரண கைவினைஞனின் கைக்கு எட்டிய வழி அந்த அளவுக்குக் கவனிக்கப்படுவதில்லை. மோட்டார் வண்டியின் வெப்பவுணரி இதற்குத் தக்க சான்றாகும்.

1833ஆம் ஆண்டில் மைக்கல் பரடே வெள்ளிச் சல்பைட்டைச் சூடாக்கியபோது அதன் மின்தடை குறைவதைக் கண்டார். உலோகங்களின் இயல்புக்கு இது நேர்மாறானது. இவ்வியல்புடைய தடையிகளே பிற்காலத்தில் தேமிஸ்ரர் எனப் பெயர் பெற்றன. வெப்பநிலையின் சிறு மாற்றத்தையும் அவை காட்டவல்லன. ஆயினும் அவற்றின் தடை சீராக மாறுவதில்லை. குளிரில் ஒரு பாகைக்குப் பெருமளவு வீழும் தடை, சூட்டில் மிகச் சிறிதளவே வீழும். எனவே வரைபில் கிடைப்பது நேர்கோடன்று, வளைகோடாகும்.

குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் நன்கு ஆவியாவதில்லை. ஆதலால் கூடுதலான எரிபொருள் வேண்டப்படுகின்றது. 1967இல் பொஷ் நிறுவனம் பொக்ஸ்வாகன் 1600 வண்டிக்கு அளித்த மின்னணு உட்பாய்ச்சல் முறையில், உணரியின் தடையே மின்சுற்றின் உறுப்பாக நின்று எரிபொருளின் அளவை மாற்றியது. அங்கு வெப்பநிலையை எண்ணாக அறிய வேண்டிய தேவை எழவில்லை. எண்களால் இயங்கும் கணனி எஞ்சினை ஆளத் தொடங்கியபோதே வளைகோடு சிக்கலாயிற்று.

அச்சிக்கலுக்கான விடை வேறொரு துறையில் ஏற்கெனவே கிடைத்திருந்தது. ஆழ்கடல் ஆய்வுச் சஞ்சிகையொன்றில் 1968இல் ஸ்ரைன்ஹார்ட், ஹார்ட் ஆகிய இருவரும் ஒரு சமன்பாட்டை வெளியிட்டனர். தனிவெப்பநிலையின் தலைகீழ், தடையின் மடக்கையையும் அதன் கனத்தையும் கொண்டு கணிக்கப்படலாம் என்பதே அதன் சாரம். அதிலுள்ள மாறிலிகள் மூன்றாதலின் மூன்று அளவீடுகள் போதும். பனிக்கட்டி நீர், அறைவெப்பநிலை நீர், கொதிநீர் ஆகியவற்றில் உணரியை அமிழ்த்தித் தடையை அளந்தால், பழைய வண்டியொன்றிலிருந்து கழற்றிய உணரியின் வளைகோடும் புலனாகும்.

2001இல் அமெரிக்கரான புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ ஆகியோர் வெளியிட்ட மெகாஸ்குவேட் என்னும் கட்டுப்பாட்டுக் கருவி, ஆர்வலர்கள் வீட்டிலேயே பொருத்தத்தக்கது. அதன் சிறிய கணனிக்கு மடக்கையைக் கணித்தல் பெருஞ்சுமை. ஆகவே 0 முதல் 255 வரையான ஒவ்வொரு வாசிப்புக்கும் உரிய வெப்பநிலை முன்கூட்டியே கணிக்கப்பட்டு, 256 பெறுமானங்கள் கொண்ட அட்டவணையாக நினைவகத்தில் வைக்கப்பட்டது. உணரிக்குப் பொருந்தாத அட்டவணை இடப்படின் எஞ்சின் குளிரில் இயங்க மறுக்கும். அன்றேல் எரிபொருளை வீணாக்கும்.

வளைகோடு இங்கு நீக்கப்படவில்லை; ஒருமுறை கணிக்கப்பட்டு எல்லோருக்கும் பொதுவாக்கப்பட்டது. உற்பத்தியாளரிடம் மட்டும் இருந்த அறிவைக் கைவினைஞனுக்கு உரியதாக்கியது புதிய உணரியன்று, அந்த அட்டவணையே எனலாம்.