வலிப்பு எங்கிருந்து கிளம்புது?

ஸ்கேன், இ.இ.ஜி. எதுவும் இல்லாத 1860கள். வலிப்பு மூளையில எங்க தொடங்குதுன்னு கண்ணால பார்த்தே கணிக்க ஆரம்பிச்சார் லண்டன் டாக்டர் ஜான் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன்.

அவர் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: முதல்ல துடிச்சது எது? கட்டைவிரலா, வாயோரமா, கால் பெருவிரலா? கட்டைவிரல்ல ஆரம்பிச்ச துடிப்பு மணிக்கட்டு, முழங்கை, தோள்னு வரிசையா ஏறும். அப்படின்னா மூளையிலும் இந்த உறுப்புகளுக்கான இடங்கள் அக்கம்பக்கமா இருக்கணும். வலது கை துடிச்சா, தேட வேண்டியது இடது மூளை. 1870ல் பெர்லின்ல ஃப்ரிட்ஷும் ஹிட்சிக்கும் நாயோட மூளையில மின்சாரம் கொடுத்துப் பார்த்தாங்க. ஒவ்வொரு இடத்தைத் தொட்டா ஒவ்வொரு உறுப்பு அசைஞ்சது.

1886 மே 25. ஏழு வயசுல மண்டையில அடிபட்டு, வலிப்போடயே வளர்ந்த 22 வயசு இளைஞருக்கு விக்டர் ஹார்ஸ்லி அறுவை சிகிச்சை செஞ்சு, மூளையில இருந்த தழும்பை வெட்டி எடுத்தார்.

ஆனா கைக்குழந்தைகிட்ட இந்தக் கணக்கு சில சமயம் நம்மை ஏமாத்தும். ஜாக்சனுக்கு முன்னாடியே, 1841ல், டாக்டர் வில்லியம் வெஸ்ட் லான்செட் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். நோயாளி அவரோட சொந்தப் பையன். சலாம் போடுற மாதிரி தலையும் உடம்பும் சட்டுனு முன்னால மடங்கும். ஒரே தடவையில பத்து இருபது முறை. வேற யாருக்காவது இதுக்கு வழி தெரியுமான்னு கேட்டு ஒரு அப்பா எழுதின கடிதம் அது. படிக்கவே கஷ்டமா இருக்கும்.

ரெண்டு பக்கமும் ஒண்ணா மடங்குதே, அப்போ கோளாறு மூளை முழுக்கன்னுதான் ரொம்ப காலம் பல பேர் நினைச்சாங்க. 1990ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் (லாஸ் ஏஞ்சலிஸ்) ஹாரி சுகானி குழுவினர், எம்.ஆர்.ஐ.யில கூட காரணம் பிடிபடாத சில குழந்தைகளுக்கு பெட் ஸ்கேன் எடுத்தாங்க. மூளையோட ஒரு பகுதி மட்டும் மந்தமா இருந்தது. அதை அகற்றினதும் வலிப்பு நின்ன குழந்தைகள் உண்டு. முதிராத மூளையில ஒரு மூலையில பத்துற நெருப்பு, உடம்பு முழுக்க எரியுற மாதிரி காட்டிடுது.

அதனால இங்க தடயம் ரொம்பச் சின்னது. ஒரு கை கொஞ்சம் அதிகமா மடங்கும். கண்ணு ஒரே பக்கம் இழுக்கும். நம்ம ஊர்ல கையில இரும்புச் சாவியைத் திணிக்கிற அவசரத்துல இதை யாரும் பார்க்கிறதில்லை. (சாவி வலிப்பை நிறுத்தாது.)

பக்கத்துல ஒருத்தர் குழந்தையைப் பத்திரமா பார்த்துக்கட்டும், இன்னொருத்தர் போன்ல முழு உடம்பும் தெரியுற மாதிரி வீடியோ எடுங்க. தூங்கி எழுந்ததும் இப்படி வரிசையா மடங்கினா, வயித்துவலி, உரம் விழுந்திருக்குன்னு நாள் கடத்தாம அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க.