உமிழ்நீர் கண்ணீரான கதை

கண்ணீர் மூளையிலிருந்து வடிகிறது என்றுதான் ஐரோப்பிய வைத்தியர்கள் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஸ்டென்சன் என்ற டென்மார்க் இளைஞர். 1660-இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்துப் பார்த்தபோது, காதோரச் சுரப்பியிலிருந்து கன்னத்துக்குள் உமிழ்நீர் கொண்டுவரும் குழாய் அவருக்குத் தட்டுப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கண்ணீர்ச் சுரப்பியின் குழாய்களைப் பற்றியும் எழுதிவிட்டார். எச்சிலுக்கும் கண்ணீருக்கும் ஒரே ஆள்!

ஒடெஸா நகரின் ஃபிலாடோவ், இறந்தவர்களின் கருவிழியை எடுத்துப் பொருத்துவதில் பேர் பெற்ற டாக்டர். 1950-களின் தொடக்கத்தில், கண்ணீர் அறவே வற்றியவர்களுக்கு இந்த ஸ்டென்சன் குழாயையே திருப்பிக் கண்ணுக்குள் விட்டார். கண் நனைந்தது. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் தாரை தாரையாகக் கொட்டும். ருசி பட்டால் சுரப்பதுதானே அந்தச் சுரப்பியின் வேலை? முகவாதம் வந்தவர்கள் சிலருக்கும் சாப்பிடும்போது கண்ணீர் வரும். அதற்கு வைத்தியத்தில் முதலைக் கண்ணீர் என்றே பெயர். நான் பள்ளியில் பிரெஞ்சில் படித்த 'லார்ம் து க்ரோகோடீல்' இதுதான். நம் தமிழிலும் அதே முதலை.

1986-இல் ஸ்பெயினின் முரூபே வேறு வழி கண்டார். தாடைக்கடியில் உள்ள சுரப்பியை ரத்தக் குழாய்களோடு பெயர்த்தெடுத்து, நெற்றிப் பொட்டருகே வைத்து, அங்குள்ள ரத்தக் குழாய்களோடு தைத்தார். அதன் குழாயை மேலிமைக்குள் திறந்துவிட்டார். நரம்பு அறுந்துவிடுவதால் சாப்பாட்டுக்கும் கண்ணீருக்கும் உள்ள தொடர்பும் போயிற்று. பிற்பாடு பீக்கிங் டாக்டர்கள் இதை நிறையப் பேருக்குச் செய்தார்கள். இதிலும் ஒரு தொல்லை உண்டு. உமிழ்நீரில் கண்ணீரைவிட உப்புக் குறைவு. அளவு மீறிச் சுரந்தால் கருவிழி ஊறிப்போகும். சுரப்பியில் கொஞ்சத்தை வெட்டிக் குறைக்க வேண்டிவரும்.

இதைவிட எளிதானது உதட்டுச் சுரப்பி. கீழுதட்டின் உட்புறத்தை நாக்கால் தடவினால் மணல் மணலாகத் தட்டுப்படுமே, அவைதாம். அவற்றைத் தோலோடு எடுத்து இமைக்குள் பதிக்கிறார்கள். சென்னை சங்கர நேத்ராலயாவில், ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயால் கண் வறண்டவர்களுக்கு இதைச் செய்திருக்கிறார்கள். சல்ஃபா மாத்திரையோ வலிப்பு மாத்திரையோ ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தோல் உரிகிற நோய் அது. உயிர் பிழைத்தாலும் பலருக்குக் கண் கட்டாந்தரையாகிவிடும்.

இதையெல்லாம் என் அக்காவுக்குப் படித்துச் சொன்னேன். முடக்குவாதத்தோடு வந்த கண் வறட்சி அவளுக்கு. கோடு போட்ட காகிதத்தை இமையில் செருகி ஐந்து நிமிடம் வைத்தார்கள்; 10 மில்லிமீட்டராவது நனைய வேண்டியது 2-ஐத் தாண்டவில்லை. அம்மா காரியத்தன்று எல்லாரும் அழ, இவள் மட்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு இது ஆகாதாடா தம்பி?" என்றாள்.

ஆகாது. 1933-இல் ஸ்வீடனின் ஷோக்ரென் விவரித்த நோய் இது. கண்ணோடு வாயும் வற்றும். இட்லியைக்கூட அவள் தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் விழுங்குகிறாள். கடன் கேட்கப் போன வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. கண்ணீர் வடிகிற துளையை அடைக்க ஒரு சிறு அடைப்பான் இருக்கிறதாம். அடுத்த வாரம் அதற்குத்தான் அழைத்துப் போகிறேன்.