ஹாலே நகரில் வார்த்த தமிழெழுத்து

இன்று நாம் நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து மனத்தளவில் புறப்பட்டு, ஜெர்மனியில் சாலே ஆற்றங்கரையில் கூடாரமடித்து, ஹாலே நகரைச் சுற்றிப் பார்ப்போம். 1694-இல் அங்கே ஒரு பல்கலைக்கழகம் தொடங்கியது. மறு ஆண்டே பிராங்கே என்னும் பாதிரியார், உண்டியலில் விழுந்த சிறு காணிக்கையைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார்.

அந்நகரில் படித்த சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். பின்னர் ஹாலேயில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் 1713-இல் கப்பலில் வந்து சேர்ந்தன. அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலேயிலேயே அச்சாயிற்று. தமிழ் ஏட்டுச்சுவடிகள் இன்றும் அங்குக் காக்கப்படுகின்றன.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி அமைக்கச் செய்ய, 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வழி செய்தது. கொட்டகைகளில் தொடங்கிய பள்ளிகள் பல.

உண்டியல் காசில் எழுந்த பள்ளியின் ஊரிலிருந்தே தமிழுக்கு அச்செழுத்து கிடைத்தது. அப்படியிருக்க, சிறிய பள்ளிதானே என்று நம் பிள்ளையை வீட்டில் நிறுத்தலாமா? சிந்திப்போம்.