மஜ்காவ் ஜீப்பும் ஒரு டிரையல் பேலன்ஸும்

பழைய ஜீப் என்றால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது தாசில்தார் ஆபீஸ் வாசல்தான். இல்லாவிட்டால் போடிமெட்டு ஏறும் ஏலத்தோட்ட வண்டி. அதில் எத்தனை பேர் ஏறலாம் என்ற கேள்விக்கு இன்றுவரை விடை கிடையாது :-). அந்த ஜீப்புகளின் பூர்வீகம் நம்ம மும்பை என்பது, இங்கேயே இருபது வருஷமாகக் குப்பை கொட்டுகிற பலருக்குத் தெரியாது. செம்பூரில் ஹார்பர் லைன் பிடித்து வி.டி. போகும் வழியில் டாக்யார்ட் ரோடு ஸ்டேஷன் வருகிறதல்லவா? அந்தப் பகுதிதான் மஜ்காவ். கதை அங்கேதான் ஆரம்பம்.

1945-இல் ஜே.சி. மகேந்திரா, கே.சி. மகேந்திரா சகோதரர்கள் மாலிக் குலாம் முகமதுவுடன் சேர்ந்து 'மகேந்திரா அண்ட் முகமது' என்ற இரும்பு வியாபாரக் கம்பெனியைத் தொடங்கினார்கள். பிரிவினைக்குப் பின் குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதி அமைச்சர் ஆனார். பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948-இல் கம்பெனியின் பெயர் மகேந்திரா அண்ட் மகேந்திரா என்று மாறியது. அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனியிடமிருந்து ஜீப்பைப் பாகம் பாகமாக வரவழைத்து, 1949-இல் மஜ்காவில் பூட்டத் தொடங்கினார்கள். பிறகு பாகங்களும் இங்கேயே தயாராயின. அமெரிக்காவில் 1953-இல் வந்த சி.ஜே. 3பி மாடல் அங்கே 1968-இல் நின்றுவிட்டது. அதே வார்ப்பில் வந்த வண்டிகளை மகேந்திரா 2010 வரை தயாரித்தது. எஞ்சின் பெட்ரோலிலிருந்து டீசலுக்கு மாறியது, பெயர் மாறியது. எலும்புக்கூடு பெரிதாக மாறவில்லை.

இந்தச் சரித்திரம் எதற்கு என்கிறீர்களா? எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. பழைய ஜீப் வைத்திருப்பவருக்கு என்றாவது ஒருநாள் இது வரும். மெக்கானிக் எட்டிக்கூடப் பார்க்காமல் "கியர்பாக்ஸ் போச்சு சார்" என்பார். பணம் கட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். போர்க்களத்தில் சீக்கிரம் பழுது பார்ப்பதற்காகப் பிறந்த வண்டி இது. ஒவ்வொரு பாகமும் தனித்தனி. தனியாகக் கழற்றலாம், தனியாகச் சோதிக்கலாம். என்னைப் போன்ற பி.காம். பேர்வழிக்கு இது வெறும் டிரையல் பேலன்ஸ். எஞ்சினில் வரவான சக்தி கிளட்ச், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், ஆக்சில் என்று போய்ச் சக்கரத்தில் பற்றாக வேண்டும். எந்தப் பக்கத்தில் கணக்கு உதைக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

முதலில் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுங்கள். வண்டி ஓடும்போது யாரும் அடியில் படுக்கக் கூடாது. பக்கவாட்டில் தள்ளி நின்று குனிந்து பார்த்தால் போதும்.

கியர் போட்டுக் கிளட்சை விடும்போது ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். அதற்கான கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின்பக்கம் போகும் ஷாஃப்டிலிருந்துதான் வருகிறது. கேபிள் நன்றாக இருந்து, முள் அசைந்து, வண்டி நகராவிட்டால் சக்தி அதுவரை வந்துவிட்டது என்று அர்த்தம். கியர்பாக்ஸ் நிரபராதி! முள் அசையாவிட்டால் கிளட்சையோ கியர்பாக்ஸையோ சந்தேகிக்கலாம். அதற்கும் முன் டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர் நியூட்ரலில் நிற்கிறதா என்று பாருங்கள். பலருடைய 'பெரிய ரிப்பேர்' அங்கேயே முடிந்துவிடும்.

முள் அசைகிறது, பின்பக்கப் புரொப்பல்லர் ஷாஃப்டும் சுற்றுகிறது என்றால் கோளாறு டிஃபரன்ஷியலிலோ ஆக்சிலிலோ. ஒரு பக்கம் ஆக்சில் அறுந்தால்கூட டிஃபரன்ஷியல் மொத்தச் சக்தியையும் அந்தப் பக்கமே வீணாக்கிவிடும். சி.ஜே. மாடல்களில் பின் ஆக்சிலின் முனை கூம்பு வடிவம். சக்கரத்தின் ஹப்பை அதோடு பிணைப்பது விரல் நீளச் சாவித்துண்டு ஒன்றுதான். நட் தளர்ந்தால் அது அறுந்துவிடும். ஹப் மூடியைக் கழற்றி, நட்டிலிருந்து ஹப் வரை ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். கியர் போட்டதும் நட் மட்டும் சுற்றி ஹப் நின்றால் சாவி போய்விட்டது. கூம்பும் ஹப்பும் தேயாமல் இருந்தால் சின்னச் செலவோடு தப்பித்தீர்கள்.

முன் ஆக்சிலையும் இணைத்து ஃபோர் வீல் போட்டால் வண்டி நகரலாம். முன்பக்கம் சரி, கோளாறு பின்னால்தான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஆனால் அப்படியே வீட்டுக்கு ஓட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இந்த ஜீப்பில் பின்சக்கரத்தைத் தாங்குவதே ஆக்சில்தான். அது அறுந்திருந்தால் சக்கரம் கழன்று தனியாகப் போகலாம். இழுத்துவரச் சொல்வதே நல்லது.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. பழைய ஜீப்பில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் கிடையாது. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், புரொப்பல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. ஷாஃப்டோ ஆக்சிலோ அறுந்தால் ஹேண்ட்பிரேக்கும் பிடிக்காது. மலைப்பாதையில் நகராமல் நின்ற வண்டியை ஹேண்ட்பிரேக்கை நம்பி விட்டு இறங்கினால், பின்னோக்கி உருளும். முதலில் சக்கரத்துக்குக் கல், அப்புறம்தான் ஆராய்ச்சி.

2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருஷத்துக்கு மேலான, அசல் வடிவம் மாறாத சொந்த வண்டிகளை வின்டேஜ் என்று தனி எண்ணில் பதியலாம். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. எழுபதுகளின் தொடக்கத்து ஜீப்புகள் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. இத்தனை காலம் ஒரே வார்ப்பில் வண்டி வந்ததால், ஒரு தலைமுறை மெக்கானிக்குகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் மனப்பாடம். அவர்கள் ஒவ்வொருவராகக் கடையைச் சாத்துகிறார்கள். நல்ல பாகத்தைக் கழற்றிக் குர்லா பழைய சாமான் கடைக்கு அனுப்பிவிட்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். ஆகவே, ஸ்பேனர் எடுப்பதற்கு முன் சாக்பீஸ் எடுங்கள்.