விஷத்துக்குப் பலியாகும் நொதியே சாட்சி

திருச்சி காந்தி மார்க்கெட்ல கத்தரிக்காய் வாங்கும்போது நாம என்ன பார்க்கிறோம்? காம்பு பச்சையா இருக்கா, சொத்தை இருக்கா, அவ்வளவுதான். அடிச்ச மருந்து கண்ணுக்குத் தெரியாது. ஸ்ரீரங்கத்துக்காரனான எனக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கும் சென்சாரோட கதைதான் இன்னைக்கு. அதை நம்ம பக்கத்துலயே நடந்த ஒரு துயரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1958 ஏப்ரல், மே. கேரளாவிலும் அப்போதைய சென்னை மாநிலத்திலும் கோதுமை மாவுப் பண்டம் சாப்பிட்டவர்கள் சுருண்டு விழுந்தார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மாவு வந்த அதே கப்பலில் ஃபாலிடால் என்ற பூச்சிமருந்தும் வந்து, மூட்டைகளில் கசிந்திருந்தது. நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை நடந்தது. பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது 1968-இல். பத்து வருஷம்!

ஃபாலிடாலுக்குள் இருப்பது பாரத்தியான். நரம்பு ஒரு சிக்னல் அனுப்பியதும் அதை அழித்துவிட்டு அடுத்ததுக்கு வழிவிட, நம்ம உடம்பில் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ்னு ஒரு நொதி இருக்கு. விஷம் அதை முடக்கிடும். சிக்னல் நிற்காது, கடைசியில் மூச்சு நின்றுவிடும்.

விஞ்ஞானிகள் அந்த நொதியையே சாட்சியாக்கினார்கள். 1961-இல் எல்மேன் ஒரு முறை கொடுத்தார்: நொதி வேலை செய்தால் கரைசல் மஞ்சளாகும். காய்கறிச் சாற்றைச் சேர்த்தபின் மஞ்சள் குறைந்தால் உஷாராகணும். அடுத்த வருஷம் கிளார்க்கும் லயன்ஸும் எலக்ட்ரோடில் நொதியை ஒட்டவைக்கும் யோசனையைச் சொன்னார்கள். வீட்டுல சுகர் பார்க்கிற மெஷினின் மூதாதை அது. பிறகு இந்த நொதியும் எலக்ட்ரோடில் ஏறியது. நிறத்துக்குப் பதில் மின்னோட்டத்தை அளந்தார்கள். தைவானில் இதே நொதியை ஈயிலிருந்து எடுத்து, காய்கறிச் சந்தைகளிலேயே சோதிக்கும் முறை வந்தது. எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். கொல்ல நினைத்த பூச்சியே நமக்குக் காவல்!

ஆனா இது எந்த மருந்துன்னு பேர் சொல்லாது. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைகளைத்தான் பிடிக்கும். நொதிக்குக் குளிர்ச்சியும் வேணும். திருச்சி சித்திரை வெயிலில் வெளியே வைத்தால் கெட்டுடும்.

இன்னொரு சிக்கல் பெரிசு. பாரத்தியான் நேரடியா அந்த நொதியை அவ்வளவாத் தாக்காது. நம்ம கல்லீரல் அதை பாராக்ஸானா மாற்றிய பிறகுதான் கடிக்கும். சோதனைக் குழாய்க்கு ஏது கல்லீரல்? அதனால புரோமின் நீர் மாதிரி எதையாவது சேர்த்து முதல்ல ஆக்சிஜனேற்றம் செய்யணும். அந்த ஒரு ஸ்டெப்பை விட்டுட்டா, பாரத்தியான் லேசா இருக்கிற சாம்பிளும் அழகா மஞ்சளாகிடும்.