தாது வருஷத்து வாய்க்கால்

எங்கள் டீமில் நியூஸிலாந்துக்காரர் ஒருவர் இருக்கிறார். போன வருஷம் விடுமுறை முடிந்து வந்ததும் வீடியோ காலில் படம் காட்டினார். டவுட்ஃபுல் சவுண்ட் என்ற இடம். பனியாறு குடைந்த பள்ளத்துக்குள் கடல் புகுந்து நிற்கிறது, ஃபியோர்டு என்கிறார்கள். சுமார் 40 கிலோமீட்டர் நீளம், இரண்டு பக்கமும் செங்குத்தான மலை, கரையில் ஊரே கிடையாது. ராத்திரி முழுக்கப் படகிலேயே தங்கியிருக்கிறார். டால்ஃபின், சீல், பென்குயின் எல்லாம் பார்த்தாராம். ஓரிடத்தில் இன்ஜினை நிறுத்தி, யாரும் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். 1770இல் கேப்டன் குக் அந்த வாசல் வரைக்கும் வந்தார். உள்ளே போனால் காற்று தன்னைத் திரும்ப வெளியே விடுமா என்று சந்தேகப்பட்டு அப்படியே போய்விட்டார். அந்தச் சந்தேகம்தான் பெயராக நின்றுவிட்டது.

“உங்க பக்கம் இந்த மாதிரி ராத்திரிப் படகு உண்டா?” என்று கேட்டார்.

நான் ஆம்பூர்க்காரன். எங்கள் ஆறு பாலாறு. அதில் படகு என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் வந்தபோது, ஆற்றில் தண்ணீர் ஓடுவதையே அதிசயமாகப் பாலத்தில் நின்று பார்த்தோம். அதனால் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு, டீயை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தேன். ஆபீஸ் இருப்பது ஓ.எம்.ஆரில். கீழே ஆகாயத்தாமரை மூடிய பக்கிங்காம் கால்வாய். ஐந்து வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டேதான் டீ குடிக்கிறேன். தப்பான பதில் சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

ஒரு காலத்தில் சென்னையிலிருந்து மகாபலிபுரம் போக நல்ல வழி இதுதான். சாயங்காலம் அடையாறு பக்கம் தோணி ஏறுவார்கள். சோறு, பாய், விளக்கு எல்லாம் கூடவே வரும். காற்று இருந்தால் பாய்மரம், இல்லாவிட்டால் கழி. அதுவும் சரிப்படாவிட்டால் ஆட்கள் கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நடப்பார்கள். உள்ளே இருப்பவர் தூங்கலாம். விடியும்போது ஊருக்கு மேற்கே இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் கற்கோயில்கள் வந்துவிடும். வெள்ளைக்காரப் பயணிகள் இப்படித்தான் போனார்கள். பாரதிதாசனும் நண்பர்களோடு இந்த வாய்க்காலில் தோணியேறிப் போய் ‘மாவலிபுரச் செலவு’ என்று ஒரு பாட்டு எழுதினார். செலவு என்றால் பயணம். (இன்று அதே ஊருக்கு ஈ.சி.ஆரில் போனால் அந்தச் சொல்லுக்கு மற்ற அர்த்தம்தான் பொருந்தும்.)

கால்வாய் ஒரே மூச்சில் வெட்டப்பட்டது அல்ல. 1806இல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர்ப் பக்கம் வெட்ட ஆரம்பித்தார். 1837இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கிலும் தெற்கிலும் துண்டு துண்டாக நீண்டு, ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் ஆனது. விறகும் உப்பும் இதில்தான் பட்டணத்துக்கு வந்தன. ஆனால் நடுவில் ஒரு குறை இருந்தது. வடக்கேயிருந்து வரும் தோணி கூவத்தோடு நின்றுவிடும். தெற்கு வாய்க்கால் தொடங்குவது அடையாற்றில். இடையில் சுமார் 8 கிலோமீட்டர் வெறும் தரை.

அந்த 8 கிலோமீட்டர் வெட்டப்பட்டது 1877-78இல். நம் கணக்கில் 1876-77தான் தாது வருஷம்.

எங்கள் ஆயா சாகும்வரை, சோற்றைச் சிந்தினால் “தாது வருஷத்துல பொறந்திருந்தா தெரியும்” என்பார். அவருடைய ஆயா சின்னப் பிள்ளையாக அந்தப் பஞ்சத்தைப் பார்த்தவராம். “பட்டணத்துக்கு மண்ணு வெட்டப் போனாங்க. பாதி பேரு திரும்பல,” அவ்வளவுதான் கதை. எங்கே, என்ன மண் என்று நான் கேட்டதில்லை. கேட்கிற வயசில் கதை போரடித்தது. அக்கறை வந்தபோது ஆயா இல்லை.

எங்கள் ஊர்கள் அப்போது வட ஆற்காடு ஜில்லா. பஞ்சம் பலமாக அடித்த ஜில்லாக்களில் அதுவும் ஒன்று. தென்னிந்தியா முழுக்க 50 லட்சத்துக்கும் மேல் செத்தார்கள். நிவாரணம் என்றால் சும்மா கிடையாது, வேலை செய்தால் கூலி. கூலியை எவ்வளவு குறைக்கலாம் என்று பார்த்துச் சொல்ல ரிச்சர்ட் டெம்பிள் அனுப்பப்பட்டார். நாளெல்லாம் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம். மேலே ஓர் அணா. சென்னையின் சுகாதார ஆணையர், டாக்டர் வில்லியம் கார்னிஷ், இதைத் தின்று உழைக்க முடியாது என்று எழுத்தில் சண்டை போட்டார். சில மாதம் கழித்துக் கூலி உயர்ந்தது. நடுவில் போன உயிர் போனதுதான். கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த வெட்டும் இந்த மாதிரிப் பஞ்ச நிவாரண வேலை. 1878இல் முழுக் கால்வாய்க்கும் கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள்.

இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. தோல் ஊர்க்காரனாக அதைச் சொல்லாமல் விட முடியாது. பஞ்சத்தில் மனுஷனுக்கு முன்னால் மாடு சாகும். அந்த வருஷங்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து தோல் ஏற்றுமதி ஏறியது. ஆவாரம்பட்டை போட்டுப் பாதி பதனிட்ட தோலுக்கு லண்டனில் ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்று பெயரே இருந்தது. ரயில் பாதை எங்கள் ஊர் வழியாக 1860களிலேயே வந்துவிட்டது. என் தாத்தா டேனரியில் கூலி, அப்பா அங்கேயே சூப்பர்வைசர், என் பி.இ. ஃபீஸ் தோலில் வந்த காசு. வாய்க்காலும் என் படிப்பும் ஏதோ ஒரு கணக்குப் புத்தகத்தில் ஒரே பக்கத்தில் வருகின்றன என்று தோன்றியபோது டீ இறங்கவில்லை. இன்னொன்றும் மேப்பில் பார்த்தேன். பாலாறு வயலூர் அருகே கடலில் சேர்வதற்குச் சற்று முன், இதே கால்வாய் அதைக் குறுக்கே கடக்கிறது. எங்கள் டேனரித் தண்ணீரைப் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னதெல்லாம் தனிக் கட்டுரைக்கு உரியது.

ராத்திரித் தோணி இன்று சாத்தியமில்லை. 1960களிலும் 70களிலும் வந்த புயல்கள் கால்வாயைத் தூர்த்தன. ரயிலும் லாரியும் மிச்சத்தை முடித்தன. மயிலாப்பூரில் பறக்கும் ரயிலின் தூண்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கின்றன. சரி, கிடைக்கிற துண்டையாவது பார்ப்போம் என்று ஒரு ஜனவரியில் பழவேற்காடு போனேன். விடிவதற்கு முன்னால் ஒரு மீனவர் படகில் ஏற்றிக்கொண்டார். ஏரிக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவுக்கும் ஓரமாகத்தான் பழைய வாய்க்கால் வடக்கே போயிருக்கிறது.

வெளிச்சம் வந்ததும் தூரத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. பூநாரைகள். பக்கத்தில் கூழைக்கடாக்கள் கல்யாண வீட்டுப் பெரியவர்கள் மாதிரி மெதுவாக நகர்ந்தன. அவர் இன்ஜினை நிறுத்தினார்.

“சத்தம் போடாதீங்க தம்பி, கிளம்பிடும்.”

கொஞ்ச நேரம் தண்ணீர் பலகையில் தட்டும் சத்தம் மட்டும். பிறகு அவரே பேசினார். “எங்க தாத்தா இதுல விறகு ஏத்திக்கினு பட்டணம் போவாரு. ராத்திரில கயிறு இழுத்தாச் சூடு தெரியாதுன்னு சொல்வாரு.”

அடுத்த திங்கட்கிழமை, கால் தொடங்குவதற்கு முன்னால், நியூஸிலாந்துக்காரருக்குப் படங்களைக் காட்டினேன். “அன்றைக்கு இல்லை என்றேன், தப்பு. இருந்தது” என்றேன். பூநாரையை ரொம்ப நேரம் பார்த்தார். அடுத்த படம் மயிலாப்பூர். கறுப்புத் தண்ணீர், தூண்கள், ஒரு எருமை.

“இதுவும் அதே கால்வாயா? யார் வெட்டினது?”

தாது வருஷம் என்பதை அவருக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று யோசிப்பதற்குள் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் காலில் சேர்ந்துவிட்டார்கள்.